பன்னிரண்டாவது ஆள்

1974 டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டில்லி டெஸ்ட்டில் இந்தியாவுக்குக் கேப்டன் எஸ். வெங்கட்ராகவன். அதே மாதக் கடைசியில் கல்கத்தாவில் அடுத்த டெஸ்ட். அங்கே அவருக்குப் பதினோரு பேரில் இடமில்லை, பன்னிரண்டாவது ஆள். முந்தைய பெங்களூர் டெஸ்ட்டில் கேப்டன் பட்டோடிக்கு விரல் பிசகியது, கவாஸ்கருக்கும் காயம், அதனால்தான் டில்லியில் வெங்கட்டுக்குத் தலைமை கிடைத்தது. பட்டோடி குணமாகித் திரும்பியதும் பதவி அவரிடம் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் போன மேட்ச்சில் டாஸ் போட்டவருக்கு இந்த மேட்ச்சில் ஆடவே இடமில்லை என்பதைத் திருவல்லிக்கேணி சகிக்கவில்லை. அந்தப் பேச்சு அந்த வருஷத்தோடு முடியவில்லை. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

பேச்சை நடத்தியவர் என் சித்தப்பா. அரசு அலுவலகத்தில் கிளார்க். லீக் மேட்ச்சுகளில் கீழ் டிவிஷனில் ஆஃப் ஸ்பின் போட்டவர். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். வெங்கட்டின் உயரம், காதை உரசிக்கொண்டு மேலே போகும் நேரான கை, கல்லியில் குனிந்து நின்று அவர் பிடிக்கும் கேட்ச், எதையும் விடமாட்டார். எதிர்த்தரப்பு, மாடியில் குடியிருந்த பெங்களூர் சார். வங்கியில் மாற்றலாகி வந்தவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, தெருவுக்கே அவர் பெங்களூர் சார்தான். வெங்கட்டோடு அதே இடத்துக்குப் போட்டியிட்ட ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னா என்றால் அவர் குரல் தாழ்ந்துவிடும், பூஜை அறைக்குள் பேசுகிற மாதிரி.

1975 பொங்கல் டெஸ்ட்டுக்குச் சித்தப்பா என்னைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. இருட்டு விலகும் முன்பே வீட்டிலிருந்து நடந்து போய் வாலாஜா ரோட்டில் வரிசையில் நின்றோம். பையில் புளியோதரைப் பொட்டலம், சித்தப்பா தோளில் டிரான்சிஸ்டர். மைதானத்தில் உட்கார்ந்துகொண்டே ரேடியோவிலும் கேட்பார்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆண்டி ராபர்ட்ஸ் ஓடி வரும்போது மட்டும் ஸ்டாண்டில் ரேடியோ சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. ஒருபக்கம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருக்க, குண்டப்பா விஸ்வநாத் மட்டும் நின்றார். எழும்பி வருகிற பந்தைக் கடைசி நொடிவரை வரவிட்டு, பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் அறைவார். அடித்த சத்தம் எங்களுக்கு வந்து சேரும்போது பந்து கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். கடைசி ஆளாகச் சந்திரசேகர் இறங்கியபோது மைதானமே எழுந்து நின்றது. நூறு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. ராபர்ட்ஸுக்கு 7 விக்கெட்.

சித்தப்பா கை தட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே சொன்னது: “இந்த பிட்ச்சுல வெங்கட் போடணும்டா. சொந்த ஊரு. உட்கார வெச்சுட்டானுங்க.” ஆம், சேப்பாக்கத்திலும் வெங்கட் ஆடவில்லை. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் மூவர்தான்.

வெஸ்ட் இண்டீஸ் முதல் இன்னிங்ஸ் 192-க்கு முடிந்தது. பிரசன்னாவுக்கு 5 விக்கெட். இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்று சாயங்காலம் பெங்களூர் சார் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது யோசித்தால், எனக்குக் கிரிக்கெட் புரிந்தது அந்த இரண்டு பேர் சண்டையில்தான். ஒருநாள் பெங்களூர் சார் எங்கள் சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கினார். அதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அகட்டிப் பிடித்து, தெருவில் எதிர்வீட்டு வாசற்படியை நோக்கி மேலே தூக்கி விட்டார். பழம் எழும்பி, இறங்கி, நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. “நோடு, பேட்ஸ்மேன் முன்னாடி வந்தாச்சு. பந்து வரலை. அவ்வளவுதான் பிரசன்னா,” என்றார். சித்தப்பா பழத்தைப் பொறுக்கி வந்து, கையை உயரே தூக்கி, தட்டையாக, வேகமாகப் போட்டார். படியின் விளிம்பில் பட்டுக் குத்தி எழும்பியது. “இதை அடிச்சுப் பாருங்க. அடிக்க முடியாது சார். ரன் குடுக்காம நாள் பூரா போடுவான். கேப்டனுக்கு அதுதான் வேணும்.” விக்கெட் எடுக்கிறவன் பெரியவனா, ரன் கொடுக்காதவன் பெரியவனா? இன்றைக்கும் அணி நிர்வாகங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி, அன்றைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தில் தீர்மானமாகாமல் நின்றது.

“எங்க ஆளை உட்கார வெச்சானுங்க” என்று சித்தப்பா ஆரம்பித்தால், பெங்களூர் சாரிடம் ஒரே பதில்: “எழுபத்தொண்ணு?” 1971-இல் வடேகர் அணி இங்கிலாந்து போனது. பிரசன்னாவும் போனார். மூன்று டெஸ்ட்டில் ஒன்றில்கூட ஆடவில்லை. மூன்றிலும் ஆடியவர் வெங்கட். அதற்கு முன்பு மேற்கிந்தியத் தீவுகளில் வெங்கட் 22 விக்கெட் எடுத்து, போர்ட் ஆஃப் ஸ்பெயின் வெற்றியில் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்திருந்தார். வடேகர் அவரை நம்பியதில் தவறில்லை. ஓவலில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-க்குச் சுருட்டியதை உலகம் பேசுகிறது. ஆலன் நாட் மட்டையில் பட்ட பந்தைச் சோல்கர் தரையோடு தரையாகப் பாய்ந்து பிடித்தாரே, அந்தப் பந்து வெங்கட்டுடையது. சித்தப்பா அதைச் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் பிரசன்னாவின் உச்ச காலத்தில் ஒரு கோடை முழுக்க அவர் பெவிலியனில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு எங்கள் தரப்பில் பதில் இல்லை. ஒருவருக்குக் கிடைத்த இடம் இன்னொருவரிடமிருந்து எடுத்தது. இருவரும், பேடியும், சந்திரசேகரும், நான்கு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967-இல் பர்மிங்ஹாமில்.

தாத்தா இவர்கள் இரண்டு பேரையும் பொருட்படுத்தமாட்டார். அவருக்கு ஏ. ஜி. ராம்சிங். 1934 நவம்பர் 4, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்து ஒரே நாளில் முடிந்தது. ராம்சிங்குக்கு 11 விக்கெட். தாத்தா அதைப் பார்த்தவர். ராம்சிங் இடதுகையால் பந்தும் போடுவார், மட்டையும் பிடிப்பார். 1936-இலும் 1946-இலும் இங்கிலாந்துக்குப் போன அணிகளில் அவர் பெயர் இல்லை. ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். “உங்க வெங்கட்டுக்காவது ஒரு டெஸ்ட்டுல கேப்டன் குடுத்தான். ராம்சிங்குக்குத் தொப்பியே குடுக்கலை” என்பார் தாத்தா. அதோடு திண்ணை கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு யாராவது வி. வி. குமார் பெயரை எடுப்பார்கள். முதல் டெஸ்ட்டில், 1961-இல் டில்லியில், பாகிஸ்தானுக்கு எதிராக 64 ரன்னுக்கு 5 விக்கெட். இரண்டாவது டெஸ்ட்டே கடைசி டெஸ்ட். முதல்தரக் கிரிக்கெட்டில் 599 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னருக்கு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தலைமுறைகளை ஒப்பிட்டது சதங்களை வைத்தோ விக்கெட்டுகளை வைத்தோ அல்ல, யாருக்கு அதிக அநியாயம் நடந்தது என்பதை வைத்துத்தான். அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்கள்: பம்பாய்க்காரன் சதி. நானும் ரொம்ப வருஷம் அதை நம்பினேன். அந்த நம்பிக்கை கலைந்தது பத்மாகர் சிவால்கரை நினைத்துப் பார்த்தபோது. 1972–73 ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். சிவால்கர் 16 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்துத் தமிழ்நாட்டை 80-க்கு அனுப்பினார். அவர் பம்பாய்க்காரர். சதி செய்கிற ஊர் தன் பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் வாங்கித் தந்திருக்க வேண்டாமா? பேடி இருந்த காலத்தில் இடதுகைச் சுழலராகப் பிறந்ததால் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயலுக்கும் அதே கதி. ஊர்ப்பாசம் செலக்டர்களிடம் இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் ஊரைக் காரணம் காட்டிவிட்டால் மேலே யோசிக்க வேண்டியதில்லை. திண்ணையில் அதுதான் நடந்தது.

யோசிக்கவைத்த ராத்திரி 1979 செப்டம்பர் 4. மறுபடியும் ஓவல். இந்த முறை வெங்கட்தான் கேப்டன். அந்தச் சுற்றுப்பயணம் அதுவரை மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, அதில் ஒன்று அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடம். கடைசி டெஸ்ட்டில் 438 ரன் இலக்கு. சிற்றலையில் பி.பி.சி. வர்ணனை, அலை வந்து வந்து போகும். சித்தப்பா டிரான்சிஸ்டரை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டி, ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். கவாஸ்கரும் சேத்தன் சௌஹானும் முதல் விக்கெட்டுக்கு 213. பிறகு கவாஸ்கரும் வெங்சர்க்காரும். ஸ்கோர் 366, ஒரே ஒரு விக்கெட். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. பெங்களூர் சார் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து காதை ரேடியோவிடம் கொடுத்திருந்தார்.

வெங்சர்க்கார் அவுட். அடுத்து விஸ்வநாத் வருவார் என்று எல்லோரும் காத்திருக்க, கபில் தேவ் பெயர் கேட்டது. வேகமாக அடிக்கட்டும் என்று வெங்கட் அனுப்பியிருக்கிறார். கபில் பூஜ்யம். பிறகு யஷ்பால் சர்மா. விஸ்வநாத் இன்னும் உள்ளேதான். கவாஸ்கர் 221-இல் வீழ்ந்த பிறகுதான் விஸ்வநாத்தின் பெயர் கேட்டது. ஆட்டம் முடிந்தபோது 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ரன் குறைவு.

பெங்களூர் சார் வெகுநேரம் கழித்து, “விஷியை ஏன் புடிச்சு வெச்சுட்டாரு?” என்று மட்டும் கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். சித்தப்பா வெங்கட்டுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். “தப்பு சார். அவன் செஞ்சது தப்பு. நாலாவதுல விஷிதான் போகணும்” என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நேர்மையான கிரிக்கெட் விமரிசனம் அது. தன் ஆள் என்பதற்காகத் தவறான முடிவைச் சரி என்று சொல்லாத ரசிகரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் அதிகம் பார்த்ததில்லை.

அதே வாயால், மூன்று நாள் கழித்து அவர் கொதித்தார். அணி விமானத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தொடருக்குக் கவாஸ்கர் கேப்டன் என்ற செய்தியை விமானி அறிவித்தார் என்று தெரியவந்தது. தலைமையிலிருந்து எடுத்ததைச் சித்தப்பா எதிர்க்கவில்லை. தொடரைத் தோற்றாயிற்று, கபிலை முன்னால் அனுப்பியாயிற்று, எடுக்கலாம். ஆனால் அந்த மனிதனுக்கு அதை யாரும் நேரில் சொல்லவில்லை. பயணிகளோடு பயணியாகச் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்க வேண்டியிருந்தது. முடிவு ஒன்று, அதைச் சொல்லும் விதம் வேறு என்று அன்றைக்குச் சித்தப்பா பிரித்துப் பேசினார். செலக்டர்களை நான் இன்றுவரை எடைபோடுவது அந்தத் தராசில்தான்.

பெங்களூர் சார் எண்பதுகளில் மாற்றலாகிப் போய்விட்டார். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வெங்கட் 1983-இல் கடைசி டெஸ்ட் ஆடினார். 57 டெஸ்ட், 156 விக்கெட். பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு 73 டெஸ்ட்டுகளுக்கு நடுவராக நின்றார். அவர் விரல் தூக்கும் ஒவ்வொரு முறையும் சித்தப்பா டி.வி. முன் நிமிர்ந்து உட்கார்வார்.

அஸ்வின் வந்தபோது என் மகனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவன் காலத்து ரசிகர்கள் வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கிறார்கள். “சின்ன தாத்தா, வெங்கட் ஆவரேஜ் 36. அஸ்வின் 24. இதுக்கு மேல என்ன பேசணும்?” என்பான். சித்தப்பா விடுவாரா? வெங்கட் காலத்தில் முன்காலை நீட்டிப் பேடில் வாங்கிக்கொண்டால் போதும், எல்.பி.டபிள்யூ. கிடையவே கிடையாது. இப்போது டி.ஆர்.எஸ். வந்து அந்தக் காலுக்கெல்லாம் கணக்குத் தீர்க்கிறது. நல்ல வாதம்தான், நானும் அந்தப் பக்கம் சாய்ந்தேன். மகன் அசரவில்லை. இந்தியா டி.ஆர்.எஸ்ஸை ஏற்றுக்கொண்டது 2016 நவம்பரில். அதற்கு முன்பே, செப்டம்பரில் கான்பூரில், தன் 37-ஆவது டெஸ்ட்டிலேயே அஸ்வின் 200 விக்கெட்டைத் தாண்டியிருந்தார். சித்தப்பா அதைக் கேட்டு, மோவாயைத் தடவிக்கொண்டே, “ம்” என்றார்.

அப்போதுதான் அவர் தன் அளவுகோலைச் சொன்னார். ஒருவனை அவன் காலத்திலிருந்து பிடுங்கி இன்னொரு காலத்தில் நடாதே. மூடாத பிட்ச், மூடிய பிட்ச், வேறு மட்டை, வேறு எல்லைக்கோடு, வருஷத்துக்கு எத்தனை டெஸ்ட், எல்லாம் மாறிவிட்டது. அவன் காலத்தில், அவனோடு பந்து போட்டவர்கள் நடுவே, அவன் எங்கே நின்றான் என்று பார். இதை அவர் வெங்கட்டைக் காப்பாற்றச் சொன்னார். ஆனால் அந்த அளவுகோல் வெங்கட்டுக்கு எதிராகத்தான் போகிறது. வெஸ்ட் இண்டீஸ் ஆஃப் ஸ்பின்னர் கிப்ஸுக்கு 309 விக்கெட் இருந்த காலம் அது. சொந்த அணியிலேயே பிரசன்னா 49 டெஸ்ட்டில் 189 எடுத்தார். வெங்கட் தன் அணியின் நான்கு சுழலர்களில் மூன்றாமவராகவோ நான்காமவராகவோதான் பெரும்பாலும் கருதப்பட்டார். அஸ்வின் தன் காலத்தில் முதல் ஆளாகவோ இரண்டாமவராகவோ இருந்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். அந்தச் சதங்களில் ஒன்று 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. எதிர்முனையில் கடைசி ஆள் சிராஜ். விஸ்வநாத்துக்கு வராத நூறு அஸ்வினுக்கு வந்தது. சித்தப்பா அன்று அழுதார்.

அந்த வருஷமே இங்கிலாந்தில் தொடர். ஐந்து டெஸ்ட்டிலும், தள்ளிப்போய் 2022-இல் நடந்த கடைசி டெஸ்ட்டையும் சேர்த்து, அஸ்வினுக்கு இடமில்லை. 2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. மைதானம்? ஓவல். எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா, நான், மகன். டாஸ் போட்டு அணியை அறிவித்தபோது அஸ்வின் பெயர் இல்லை. டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் அப்போது உலகத்தில் முதலிடம் அவருக்கு. ஆஸ்திரேலியப் பதினோரு பேரில் ஐந்து பேர் இடதுகை மட்டையாளர்கள். இடதுகைக்காரர்களுக்கு எதிராகத்தான் அவர் பேரே எடுத்தார். மேகம் கவிந்திருக்கிறது, புல் இருக்கிறது, நான்காவது வேகப்பந்து வேண்டும் என்று நிர்வாகம் காரணம் சொன்னது. 

அந்தக் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. வெங்கட்டுக்கு விமானத்தில் நடந்ததைவிட மரியாதையான நடத்தை இது, காரணமாவது சொன்னார்கள். ஆனால் முதல் நாள் காலையில் வானத்தைப் பார்த்து ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஆள் எடுப்பது சரியல்ல. இடதுகைக்காரர் டிராவிஸ் ஹெட் 163 அடித்தார். ஆஸ்திரேலியா 469. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவைச் சுருட்டியதில் 4 விக்கெட் நேதன் லயனுக்கு. அவரும் ஆஃப் ஸ்பின்னர்தான். அதே பிட்ச், அதே வானம். இந்தியா 209 ரன்னில் தோற்றது.

மகன் டி.வி.யை அணைத்துவிட்டு, “எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரு இந்திய டெஸ்ட் அணி போடுங்க, ஒரே ஒரு ஆஃப் ஸ்பின்னர்தான்” என்றான். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அஸ்வின் என்றேன். பிரசன்னாவின் அந்த ஒரு சாண் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, இருந்தாலும் அஸ்வின்தான். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கல்லியில யாரு நிப்பா?” என்று கேட்டார். வெங்கட் என்றேன். அதை அவர் ஒத்துக்கொண்டார்.

2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த அன்று, தொடர் பாதியில் இருக்கும்போதே அஸ்வின் ஓய்வை அறிவித்தார். அந்த டெஸ்ட்டிலும் அவர் பதினோரு பேரில் இல்லை. ராம்சிங், குமார், வெங்கட், அஸ்வின் ஆகிய நால்வரில் யார் பெரியவர் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் இனியும் சண்டை நடக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று தலைமுறையும் ஒரே கட்சி: 2023 ஜூன் 7-ஆம் தேதி ஓவலில் அஸ்வினை ஆட வைத்திருக்க வேண்டும்.